நாற்பது மரம்

முதலில் அணைக்க வேண்டியிருந்தது
ஒரு நட்சத்திரத்தை.
கிறிஸ்துமஸ் கழிந்து மாதம் ஒன்றாகியும்
பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து இறங்காத
ஐந்து முனைக் காகிதம், உள்ளே சிவப்பு பல்பு.
ஷீபா டீச்சரிடம் நேற்றே சொல்லிவைத்தேன்.
"ராத்திரி ஒண்ணுக்கு மேல அணைச்சிருவேன், போதுமா?
என்ன விசேஷமாக்கும்?"
கல்லு ஒண்ணு போவுது என்றேன்.
"எங்க?"
மேலே கை காட்டினேன்.
"நம்ம மேல விழுமா?"
விழாது.
"பின்ன எதுக்காக்கும் பாக்கணும்?"

பொன்மனையில் வானம்
வருடத்துக்கு மூன்று வாரம்.
மற்ற நாளெல்லாம் ரப்பர் இலை,
அதற்கு மேல் மழை,
மழை விட்டால் மலையிலிருந்து இறங்கும் மஞ்சு.
தையில் தோட்டம் இலை கொட்டும்.
சருகு மிதித்துப் போய் நின்றால்
கிளைகளுக்கு நடுவே
யாரோ எடுக்க மறந்ததுபோல் அவ்வளவு வானம்.

மோட்டாருக்கு வைண்டிங் சுற்றுகிற கை எனக்கு.
எட்டங்குல பிவிசி குழாய் கடையில் மிச்சம் கிடந்தது.
கண்ணாடிக்கு மட்டும் சீட்டுப் போட்டேன்,
பதினாலு மாதம்.
பீடம், பழைய அலமாரிக் கதவு.
சாவித் துளை இன்னும் இருக்கிறது.

மூன்று மணி. அஸ்தம் ஏறிக்கொண்டிருந்தது.
அதன் நாலு மூலைக்குள்
இன்றைக்கு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்.
சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில்
நோட்டில் புள்ளி வைத்தேன்.
பதினேழு.
பதினேழும் கல்லைப்போலத்தான் இருந்தன,
பதினேழும் நட்சத்திரத்தைப்போலவும்.
பூமி உருள உருள
மொத்தமும் வட்டத்தை விட்டு வழுகிப்போகும்;
குழாயை விரலால் தள்ளித் தள்ளிப்
பிடித்துக்கொண்டுவர வேண்டும்.
எல்லாம் நகர்கிற இடத்தில்
தானாக நகர்வது எது?

அப்போதுதான் தோட்டத்துக்குள் வந்தது அது,
வெள்ளையாய், நேரே என் கண்ணுக்கு.
"ஓய் தாசையா, லைட்ட அணையும்!"
அரை மணி நேரம் இருட்டில் ஊறவைத்த கண்
போயே போயிற்று.
தலைவிளக்கோடு தாசையன் நின்றார்.
"அணைச்சா பட்டை எது, கத்தி எதுன்னு
எனக்கு எப்பிடித் தெரியும்?
இன்னும் நாலு நாளுதான் வெட்டு.
இலை முழுக்க விழுந்தா நிறுத்திருவானுவ."
சொல்லிவிட்டு அணைத்தார்.
இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம்.
எங்கோ ஒரு சிரட்டையில் பால் சொட்டியது.

கண் திரும்பியதும் கூப்பிட்டுக் காட்டினேன்.
குனிந்தபடியே வெகுநேரம் இருந்தார்.
"இதுல எது?"
தெரியாது என்றேன்.
"அப்ப சரி" என்று போனார்,
விளக்கை உள்ளங்கையால் பொத்தி,
விரலிடுக்கில் சிவப்புக் கசிய.

செல்போனை எடுத்தால் அதுவும் வெளிச்சம்.
காதால் எண்ணினேன்:
கத்தி இழுபடும் ஓசை, சருகில் ஐந்தாறு எட்டு,
மறுபடி கத்தி.
மரத்துக்கு அரை நிமிடம்.
மரநாய் ஒன்று குறுக்கே போனதில்
ஒரு மரம் விட்டுப்போயிருக்கலாம்.
நாற்பதில் கண்ணை வைத்தேன்.

பதினாறு, வைத்த இடத்தில்.
ஒன்று மட்டும்,
முதலில் தூசி என்று நினைத்து
அரை மனதாய்க் குறித்தது,
பக்கத்து இரண்டையும் கடந்து
அந்தப் பக்கம் நின்றது.
நிற்கவில்லை.
நிமிடமுள் மாதிரி:
போவது தெரியாது, போனது தெரியும்.
நிலாவின் அகலத்தில் பாதிக்கு மேல்
வந்திருந்தது அது,
ஒருவர் நாற்பது மரம் வெட்டுவதற்குள்.

கத்தினேன்.
தூரத்திலிருந்து பதில்:
"இந்த வரிசை முடிச்சிட்டு வாறேன்,
கொஞ்சம் நிக்கச் சொல்லும்!"

அவர் வந்தபோது அஸ்தத்தின்மேல் மஞ்சு.
மஞ்சைத்தான் பார்த்தார், குழாயில் கண் வைத்து, மரியாதைக்கு.
பிறகு நோட்டை வாங்கினார்.
பழைய புள்ளி, புதுப்புள்ளி,
இடையில் நான் இழுத்த கோடு.
நேரம் என்ற கட்டத்தில் "40 மரம்".
"முப்பத்தொம்பது" என்றார்.
"ஒண்ணு பட்டுப்போனது. அதுல வெட்டு இல்ல.
சும்மா தட்டிப் பாத்தேன்."

திருத்தவில்லை.
கோட்டின்மேல் அவர் விரல் வைத்த இடத்தில்
பால் ஒரு துளி ஒட்டி உலர்ந்திருக்கிறது,
பதினெட்டாவதாக.
உரித்தால் தாளும் சேர்ந்து வரும்.